சிலுவைக்கு நேர் தெற்கே

எவனோ ஒருவன் என் பாரைக் காட்டிக்கொடுத்துவிட்டான், சார். எவன் என்று தெரியாது. தெரிந்திருந்தால் இப்படிப் பஸ்ஸில் உட்கார்ந்து உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன், அவன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பேன். துரோகி. மனுசன் செய்கிற காரியமா அது? நீங்களே சொல்லுங்கள்.

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அந்த நீளப் பையை மேலே வைக்கட்டுமா? வேண்டாமா, சரி, மடியிலேயே இருக்கட்டும். தூண்டில் கம்புதானே? திருச்செந்தூரில் ஏறும்போதே பார்த்துவிட்டேன். அதனால்தான் இத்தனை சீட் காலியாகக் கிடந்தும் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். மதுரையா? லீவு விட்டால் மீன் பிடிக்க வந்துவிடுவீர்களாக்கும். நல்லது நல்லது. உங்களுக்கு அது பொழுதுபோக்கு, எங்களுக்கு அதுதான் பொழுதே. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், என் பேச்சு இப்படித்தான் இருக்கும். பள்ளிக்கூடம் பார்த்த ஆள் இல்லை. அப்பா செத்தபிறகு சைக்கிளில் மீன்கூடை கட்டி ஊர் ஊராகப் போய்ப் பொம்பளைகளிடம் பேரம் பேசிக் கற்றுக்கொண்டதுதான் என் படிப்பு. நாசரேத்துப் பக்கத்துப் பொம்பளைகளிடம் ஒரு சாளை மீனை விற்றுவிட்டு வந்தவனை இந்த உலகத்தில் வேறு எவனும் ஏமாற்ற முடியாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பனையைப் பாருங்கள். ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது? கிழக்கே. கச்சான் காற்று பிடிக்கத் தொடங்கிவிட்டது. மேற்கே இருந்து வருகிற காற்று சார், கச்சான். அது முழுசாக ஏறிவிட்டால் எங்கள் மாதிரிச் சின்ன பைபர் படகெல்லாம் ஆழத்துக்குப் போக முடியாது. அதோடு களவா மீன் பருவம் முடிந்தது. அதற்கப்புறம் மாதக் கணக்கில் கரையில் உட்கார்ந்து வலையின் கிழிசலை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இன்னும் ஒரு வாரம் தாங்குமா? தாங்காதா? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராத்திரி எழுந்து எழுந்து வாசலுக்குப் போய்க் காற்றைப் பார்க்கிறேன். பெண்டாட்டி கதவைச் சாத்திவிட்டுப் படுக்கச் சொல்ல வேண்டியவள், இப்போது அதுகூடச் சொல்வதில்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

பார் என்றால் என்னவென்று கேட்கிறீர்களா? கடலுக்கு அடியில் கிடக்கிற பாறைத்திட்டு. மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, எல்லாம் ஒரே தண்ணீர்தான். சுற்றிலும் மணல், நடுவில் ஒரு வீட்டளவு பாறை. அந்தப் பாறையின் பொந்துகளில்தான் களவா கிடக்கும். வாயைத் திறந்தால் என் தலை போய்விடும், அவ்வளவு பெரிய மீன். பாறையை விட்டு ஒரு கல்லெறி தூரம் தள்ளித் தூண்டில் போட்டால் ஒன்றும் மாட்டாது. பாறைமேல் போட்டால் இழுக்கக் கை போதாது. அதனால் பார் கிடைத்தவன் அதைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவான். பெற்ற மகனிடம்கூடச் சொல்ல மாட்டான், படகில் கூட வருகிறவனைத் தவிர. அதுதான் எங்கள் கரையின் வழக்கம். அடுத்தவன் படகு தூரத்தில் தெரிந்தால் உடனே தூண்டிலைச் சுருட்டிவிட்டு, படகைப் பாரை விட்டு நகர்த்தி வெறும் மணல்மேல் கொண்டுபோய் நிறுத்திவிடுவோம். அங்கே சட்டையைக் கழற்றிக் காயப்போட்டுக்கொண்டு, அடுப்பை மூட்டிக் கட்டன்சாயா போட்டுக்கொண்டு, எஞ்சின் மக்கர் பண்ணுகிற மாதிரி நாடகம் ஆடுவோம். வந்தவன், "என்ன அண்ணே, ஒண்ணும் இல்லியா?" என்று கேட்பான். "ஒண்ணுமே இல்லல. கடல் செத்துக் கெடக்கு" என்போம். அவனும் நம்ப மாட்டான். ஆனாலும் போய்விடுவான். அதுதான் மரியாதை.

அந்த நாடகத்தில் என் மச்சினன் இன்னாசியை அடிக்க ஆள் கிடையாது. தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு, படகின் ஓரத்தில் சாய்ந்து, வாந்தி எடுக்கிறவன் மாதிரி ஓங்கரித்துக் காட்டுவான். ஒரு தடவை அடுத்த படகுக்காரன் பரிதாபப்பட்டு எலுமிச்சம்பழம் தூக்கிப் போட்டுவிட்டுப் போனான். அதைப் பிழிந்து நாங்கள் சர்பத் குடித்தோம்.

இன்னாசி என் பெண்டாட்டி கித்தேரியின் தம்பி. பெயரைச் சொல்லும்போதே வயிறு எரிகிறது.

என்ன கண்டக்டர்? ஆமாம், எங்கள் ஊர் நிறுத்தம்தான். தெரியும். இறங்கவில்லை. கூடுதாழை விலக்கு வரைக்கும் ஒரு டிக்கெட் கொடும். ஏன் வே, ஏற்கனவே வாங்கின டிக்கெட்டை நீட்டித்துக் கொடுத்தால் என்ன? புது டிக்கெட்டா? ஒரே பஸ், ஒரே சீட், ஒரே ஆள், எதற்குப் புது டிக்கெட்? கவர்மெண்டுக்கு என்மேல் அப்படி என்ன பாசம்? சரி சரி, முறைக்காதீர், கொடும்.

கூடுதாழையில் கொஞ்சம் வேலை இருக்கிறது. சும்மா.

எங்கே விட்டேன்? பார். அந்தப் பாரைக் கண்டுபிடித்தது நான். நான், சார். தூத்துக்குடிக் கடையில் எக்கோ மிஷின் ஒன்று வாங்கினேன். உங்கள் பாஷையில் சோனார். தண்ணீருக்குள் சத்தத்தை அனுப்பி, திரும்பி வருகிறதை வைத்துத் திரையில் படம் போட்டுக் காட்டும். உங்களுக்குத் தெரியாததா, உங்கள் பையிலேயே சின்னதாக ஒன்று வைத்திருப்பீர்கள். இருக்கிறதா? பார்த்தீர்களா, சொன்னேன்! நான் வாங்கினது பெரியது. மூன்று தடவை போய் வந்து பேரம் பேசி, கடைசியில் கடைக்காரன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, கூட வயரையும் ஸ்டாண்டையும் ஒரு குடையையும் கொடுத்து அனுப்பினான். குடையை நான் கேட்கவில்லை. நான் கிளம்பினால் போதும் என்று அவனாகக் கொடுத்தான்.

தை மாதம் ஒரு நாள், வேறு எங்கேயோ போகிற வழியில் திரையைப் பார்த்துக்கொண்டே வருகிறேன். அடியில் மணல் என்றால் கோடு மெலிசாக ஓடும். ஓடிக்கொண்டே இருந்த கோடு திடீரென்று தடித்தது. மஞ்சளாகி, சிவந்து, அதற்குக் கீழே நிழல் மாதிரி இன்னொரு கோடு விழுந்தது. பாறை! அந்தப் பாறையை ஒட்டிப் புருவம் புருவமாக அடுக்கியிருக்கிறது. மீன் அந்த மிஷினில் மீன் மாதிரித் தெரியாது, புருவம் மாதிரித்தான் தெரியும். கத்தினேன் பாருங்கள், இன்னாசி பயந்து எஞ்சினை அணைத்தேவிட்டான்.

பெயர் வைக்க வேண்டாமா? கண்டவன் பெயர்தான் பாருக்கு. ‘கஸ்பார் பார்’ என்றேன். நான்தான் கஸ்பார். இன்னாசிக்குப் பிடிக்கவில்லை. "பேரு வேண்டாம் அத்தான். பேரு வச்சா கூப்புடத் தோணும்" என்றான். பொறாமை. அக்காள் புருசன் பெயர் கடலில் நிலைத்துவிடுமே என்கிற பொறாமை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் பொய் சொல்கிறவன் இல்லை. திரையில் புருவத்தைப் பார்ப்பது என் வேலை, அந்தப் புருவத்துக்கு மேலேயே படகை நிறுத்திவைப்பது அவன் வேலை. கடலுக்குள் ஒரு ஓட்டம் ஓடும், நீவாடு என்போம். மேலே ஒரு பக்கம் ஓடும், நடுவில் வேறு பக்கம் ஓடும். படகை நிறுத்துகிற இடமும் தூண்டிலில் கட்டின ஈயக்கட்டி போய் விழுகிற இடமும் ஒன்றாகவே இருக்காது. இன்னாசி எஞ்சினைத் தட்டுவான், விடுவான், தட்டுவான், விடுவான். ஒரு கையில் எஞ்சின், மறு கையில் தூண்டில், வாயில் ஏதாவது நக்கல். என் ஈயம் பொத்தென்று பாறைமேல் உட்காரும். தை, மாசி முழுக்க எங்களுக்கு நல்ல மீன்பாடு. கித்தேரி ஒரு தடவைகூட முகம் சுளிக்காத இரண்டு மாதம் என் கல்யாண வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

நான் எப்படிக் காப்பாற்றினேன் தெரியுமா அந்தப் பாரை? மிஷினைத் தினமும் கழற்றிச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவேன். அதில் பதிந்திருக்கிற இடக்குறி, பாயிண்ட் என்போம், எவன் கண்ணிலும் படக் கூடாது. பெற்ற பிள்ளை தொட்டாலும் கையைத் தட்டிவிடுவேன். ஒரு ஈ காக்கைக்கு நான் வாய் திறந்தது கிடையாது. அந்தோணியார் சத்தியமாக.

இன்னாசி என்ன செய்வான் என்றால், ஆழத்திலிருந்து களவா மேலே வரும்போது அதன் வயிறு காற்று உப்பி, பலூன் மாதிரி வாய்க்கு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். பார்க்கிறவனுக்கு இது ஆழத்து மீன் என்று தெரிந்துபோகும். அதனால் இன்னாசி ஒவ்வொரு மீனாக எடுத்து, காற்றை இறக்கி, மழுங்கின குச்சியால் வயிற்றை உள்ளே தள்ளி, குழந்தைக்கு வாய் துடைக்கிற மாதிரித் துடைத்து வைப்பான். வேலையற்ற வேலை. நான் சொல்வேன்: "ஏல மாப்ள, பெரிய மீன் ஒண்ண மட்டும் அப்படியே விடு." ஏலத்தில் அதைத் தூக்கிக் காட்டினால்தானே விலை ஏறும்? காயல்பட்டினத்து மைதீன் பாய் வாங்க வருவார். "கரை மீனு மாதிரி இருக்கே கஸ்பார்" என்று இறக்கப் பார்ப்பார். நான் விடுவேனா? பெரிய மீனைத் தூக்கி அவர் மூக்குக்கு நேரே நீட்டி, "கரை மீனா? கண்ணத் தொறந்து பாரும் பாய்! முப்பத்தெட்டுப் பாகத்து ஆழத்துல கெடந்த மீனு! வயித்தப் பாரும், வெளிய வந்து ஒமக்குச் சலாம் போடுது!" என்பேன். ஏலக்கூடமே சிரிக்கும். விலை ஏறிவிடும். ஆமாம், நாலு பேர் நிற்கத்தான் செய்வார்கள். எங்கள் கரையில் படகு வைத்திருக்கிற பெலவேந்திரனும் நிற்பான்தான், அவனும் மீன் கொண்டுவருகிறவன்தானே. அதனால் என்ன? அது வியாபாரப் பேச்சு. அதில் பார் எங்கே வருகிறது?

தண்ணீர் இருக்கிறதா? கொடுங்கள். பேசினால் தொண்டை வறண்டுவிடுகிறது.

முப்பத்தெட்டுத்தான். எழுபது மீட்டர் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன, போனில் ஏதோ தட்டுகிறீர்கள்? வீட்டுக்கா? நல்லது, சொல்லிவிடுங்கள், பத்திரமாக வந்துகொண்டிருக்கிறேன் என்று.

பங்குனி பிறந்து முதல் வாரம். இருட்டோடு இருட்டாகக் கிளம்பி, விடியும்போது பாருக்குப் போய்ச் சேர்கிறோம். அங்கே மூன்று படகு நிற்கிறது, சார். என் பாரின்மேல். கோழி அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் பெலவேந்திரன். என்னைப் பார்த்ததும் ஒளிய வேண்டாமா? நாடகம் ஆட வேண்டாமா? கையைத் தூக்கிக் கூப்பிடுகிறான்.

"வாரும் மாமா, வாரும்! ஒமக்கு எடம் விட்டுத்தான் நங்கூரம் போட்டுருக்கோம்!"

"ஏல, இது என் பாருல!"

"பட்டா வச்சிருக்கீரா மாமா?"

மூன்று படகும் சிரித்தது. அதுகூடப் பரவாயில்லை. என் பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் இன்னாசி. என் படகில் நின்றுகொண்டு, என் மச்சினன், அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறான்.

"என்னல சிரிக்க?"

"பட்டான்னு கேட்டான்லா அத்தான், அதுக்குச் சிரிச்சேன்."

"நீதானல சொன்ன?"

"என்னத்த?"

"பாரை. நீதான இவனுவளுக்குக் காட்டிக் குடுத்த?"

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. தூண்டிலைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"அத்தான், பாரு கடலுக்கு அடியிலதான் கெடந்துச்சு. ஒம்ம வாயிதான் மேல கெடந்துச்சு."

இதற்கு என்ன அர்த்தம்? உங்களுக்கு ஏதாவது புரிகிறதா? நான் எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். திமிர், வேறென்ன. அப்போது நானும் ஒன்று சொன்னேன். முன் சீட்டில் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், அதைச் சொல்ல முடியாது. அதுகூட அவனுக்கு வலித்திருக்காது, அந்த மாதிரி நாளுக்கு நாலு தடவை திட்டுகிறவன்தான் நான். கடைசியில், "எங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு என்னையே வித்துட்டியல" என்றேன். அதுதான். அவன் கல்யாணமாகித் தனியாகப் போனபிறகும் மத்தியானச் சோறு என் வீட்டில்தான். அக்காள் கையால் தின்றே வளர்ந்தவன். தாய் முகம் தெரியாது அவனுக்கு.

அன்றைக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் அவன் சோற்றுச் சட்டியைத் தொடவில்லை. கரையில் ஏறினான். தன் தூண்டில் தங்கூசிச் சுருளை எடுத்தான், தொப்பியை எடுத்தான், போனான். நாளைக்கு வருவான் என்று நினைத்தேன். மறுநாள் வரவில்லை. அந்த வாரமே பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மாமியார் ஊருக்குப் போய்விட்டான். அங்கே சாளை வலைக்குப் போகிறானாம். இன்னாசி! சாளை வலைக்கு! நெஞ்சு பொறுக்குமா?

மாமியார் ஊர் எது என்றா? கூடுதாழை.

இல்லை இல்லை, நான் அவனைப் பார்க்கப் போகவில்லை. நான் எதற்குப் போகிறேன்? இந்தப் பொட்டலமா? இது தூத்துக்குடியில் வாங்கின தங்கூசி, தூண்டில் கயிறு. ஊதா நிறம். நான் வெள்ளைதான் போடுவேன், ஊதா இன்னாசிதான் போடுவான், மீன் கண்ணுக்கு ஊதா தெரியாது என்பான், பைத்தியக்காரன். கடையில் கிடந்தது, வாங்கினேன். சும்மா.

ஜன்னலைக் கொஞ்சம் திறங்கள். காற்று எப்படி இருக்கிறது பார்க்கலாம். ம். கூடிவிட்டது.

யோசித்துப் பார்த்தேன் சார், எப்படி அந்தப் பெலவேந்திரனுக்குத் தெரிந்திருக்கும் என்று. ஆழம் மட்டும் தெரிந்தால் போதாது, கடல் முழுக்க முப்பத்தெட்டுப் பாகம் கிடக்கிறது. எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டும். தூரத்தை யார் சொன்னார்கள்? முதலில் எஞ்சின் மெக்கானிக் மேல் சந்தேகம் வந்தது. அவனிடம் ஒரு சண்டை எனக்கு. எஞ்சின் சூடாகிறது, சும்மா பார்த்துக் கொடு என்றேன், கூலி கேட்டான். விடுவேனா? அவன் பட்டறை வாசலில் நின்று, "மூணேகால் மணி நேரம் ஒரே ஓட்டமா ஓடுது, ஆக்ஸிலேட்டர எறக்காம ஓடுது, போகையில மூணேகால், வரையில மூணேகால், அதுக்குத் தாங்குற மாதிரி நீ என்ன வேலை பாத்த?" என்று நாலு பேர் கேட்கிற மாதிரிக் கேட்டேன். சும்மாவே பார்த்துக் கொடுத்துவிட்டான். அவன் சொல்லியிருப்பானோ? ஆனால் அவனுக்கு எஞ்சினைத் தவிர எதுவும் தெரியாதே! நான் அவனிடம் பாரைப் பற்றி மூச்சு விட்டதில்லை. அதனால் அவன் இல்லை.

சரி, தூரம் தெரிந்தாலும் திசை தெரிய வேண்டாமா? அந்தக் கடலில் எந்தப் பக்கம் என்று போவான்? திசை எனக்கும் இன்னாசிக்கும் மட்டும்தான் தெரியும். அப்புறம் அந்தோணியாருக்கு.

அதுவா? பார் கிடைத்த சந்தோசத்தில் ஒரு நன்றிப் பூசை கொடுத்தேன். பூசைக்கு முன்னால் உபதேசியார் யாருக்காக, எதற்காக என்று மைக்கில் வாசிப்பார் இல்லையா, அதற்கு எழுதிக்கொடுக்க வேண்டும். "பாருக்கு நன்றியாகன்னு போடட்டுமா?" என்று கேட்டார். வெறுமனே பார் என்று போட்டால் எந்தப் பார்? கடலில் ஆயிரம் பார் கிடக்கிறது. காசு கொடுக்கிறவன் நான். எனக்கு வர வேண்டிய ஆசீர்வாதம் பெலவேந்திரன் பாருக்குப் போய்விட்டால்? சாமானாக இருந்தாலும் சாமியாக இருந்தாலும் தெளிவாகப் பேசிவிட வேண்டும், அதுதான் என் வழக்கம். "மணல்மேட்டுச் சிலுவைக்கு நேர் தெற்கே கிடைத்த பாருக்கு நன்றியாக, கஸ்பார் குடும்பத்தார்" என்று எழுதிக் கொடுத்தேன். உபதேசியார் நல்ல குரலில் வாசித்தார். எங்கள் கோயில் ஸ்பீக்கர் கடற்கரை வரைக்கும் கேட்கும், நல்ல ஸ்பீக்கர், அதற்கும் நான் வரி கொடுத்திருக்கிறேன். இன்னாசி பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தவன், தலையில் கை வைத்துக்கொண்டான். பக்தி இல்லாதவன்.

ஏன் சிரிக்கிறீர்கள்? சாமியிடம் சொன்னது கணக்கில் வருமா? அந்தோணியார் போய்ப் பெலவேந்திரனிடம் சொல்வாரா?

இல்லை, இதில் வேறு எவனோ இருக்கிறான். கூடவே இருந்து, எல்லாவற்றையும் பார்த்து, எல்லாவற்றையும் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். எனக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறவன். அதுமட்டும் நிச்சயம். ராத்திரியில் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்க்கிறேன். பிடிபட மாட்டேன் என்கிறான்.

கித்தேரி என்னோடு பேசுவதில்லை. சோறு வைப்பாள், போய்விடுவாள். சாயங்காலம் வீட்டில் ஜெபமாலை சொல்வோம். முடிகிற இடத்தில் நோயாளிகளுக்காக, பிரயாணம் செய்கிறவர்களுக்காக என்று வரிசையாக வேண்டுவது வழக்கம். இவள் இப்போது புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறாள். "அநியாயமா பழி சொமந்து அடுத்த ஊருல கெடக்குறவங்களுக்காக" என்பாள். என்னைப் பார்க்காமலே சொல்வாள். நான் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் முன்னால் சொல்லாமல் இருக்க முடியுமா? தினமும் சொல்கிறேன். முழங்கால் வலிக்க வலிக்கச் சொல்கிறேன்.

ஏன், கேட்டுவிட்டேன் ஒரு நாள். "நான் என்ன செய்யணும்னு சொல்லுத நீ?"

"நீரு ஒண்ணும் செய்யாண்டாம். செஞ்சது போதும்" என்றாள். ஒரு மாதத்தில் அவள் பேசினது அவ்வளவுதான்.

அவன் இல்லாமல் முடியாதா என்று நானும் இரண்டு கூலியாட்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒருவன் எஞ்சினைப் பிடித்தால் படகு பாறையை விட்டு ஓடுகிறது. இன்னொருவன் பிடித்தால் வட்டமடிக்கிறது. திரையில் புருவம் தெரிகிறது, கத்துகிறேன், ஈயத்தைப் போடுகிறேன், அது அடியில் போய்ச் சேர்வதற்குள் நாங்கள் மணல்மேல் நிற்கிறோம். கண்ணுக்கு முன்னால் மீன், கைக்கு வராது. மிஷின் எல்லாவற்றையும் காட்டுகிறது சார். காட்டத்தான் செய்கிறது.

போன வாரம் அப்படித்தான் ஒன்றும் இல்லாமல் திரும்பிக்கொண்டிருந்தேன். கூலியாட்கள் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள்.

கிட்டே வாருங்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கித்தேரியிடம்கூட.

கோடு தடித்தது, சார். சிவந்தது. பழைய பாரைவிட இரண்டு மடங்கு. புருவத்துக்குமேல் புருவம், புருவத்துக்குமேல் புருவம், திரையே கறுத்துப்போய்விட்டது. நான் கத்தவில்லை. முதல் தடவையாகக் கத்தாமல் இருந்தேன். கத்தித் திரும்பிப் பார்த்தால் அங்கே அவன் இல்லையே. பாயிண்டைப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் வந்துவிட்டேன். அந்தப் பாருக்கு இன்னும் தூண்டிலே விழவில்லை. கச்சான் ஏறுவதற்குள் நாலு நாள், நாலே நாள் இன்னாசி வந்து எஞ்சினைப் பிடித்தால் போதும். இந்த வருசம் முழுக்கக் கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம், இரண்டு வீடும். பெயர்கூட அவன் பெயரையே வைத்துவிடலாம் என்று நினைத்தேன். இன்னாசி பார். எப்படி இருக்கிறது?

எங்கே என்றா? பழைய பாரிலிருந்து சூரியன் விழுகிற பக்கம். அரை மணி நேரம்கூட ஓட வேண்டாம். இல்லை இல்லை, நேர் மேற்கு இல்லை, ஒரு கைப்பிடி தெற்கே தள்ளி. நாற்பத்திரண்டு பாகம். ஆமாம், நாற்பத்திரண்டு. நீங்கள் நல்ல ஆள் சார், ஆர்வமாகக் கேட்கிறீர்கள். இந்தக் காலத்தில் யார் இப்படிக் காது கொடுத்துக் கேட்கிறார்கள்? மணப்பாட்டில் உங்களுக்குப் படகு ஏற்பாடு பண்ணித் தருகிறேன் என்றாரா ஒருவர்? யார்? பெலவேந்திரனா? அட! அவன் வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு போகிறானா இப்போது? எதற்கும் அவனிடம் கறாராக இருங்கள். வாய் சும்மா இருக்காத பயல் அவன், எதையும் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிடுவான். மணப்பாடு தாண்டிவிட்டதே! நீங்கள் இறங்கவில்லையா? ஓ, என் கதையில் விட்டுவிட்டீர்களா? பரவாயில்லை, எதிர் பஸ் வரும்.

என்ன கண்டக்டர்? கூடுதாழை விலக்கா? அதற்குள்ளேயா?

இரும், இரும், விசில் அடிக்காதீர். இறங்குகிறேனா இல்லையா என்று யோசிக்க வேண்டாமா? போய் என்ன சொல்வது சார்? வாடா என்று எப்படிக் கூப்பிடுவது? நான்தான் தப்பு என்று சொல்ல முடியுமா, நான் என்ன தப்புச் செய்தேன்? அவன்தான் தப்பு என்றும் இனிமேல் சொல்ல முடியாது. சொல்லிச் சொல்லி வாய் புளித்துவிட்டது, என் காதுக்கே அது பொய் மாதிரிக் கேட்கிறது. காட்டிக்கொடுத்தவன் ஒருத்தன் கிடைத்துவிட்டால் போதும். அவனைக் கழுத்தைப் பிடித்துக் கொண்டுபோய் இன்னாசி முன்னால் நிறுத்திவிட்டால், ஒரு வார்த்தை பேசாமல் தங்கூசியை அவன் கையில் கொடுத்துவிட்டு, கிளம்பு என்று சொல்லிவிடுவேன். அந்தத் துரோகி இல்லாமல் வெறுங்கையோடு போய் நான் எப்படி அந்த வாசலில் நிற்பேன்?

இறங்குகிறேன் வே, இறங்குகிறேன், படியில் நின்றுதானே பேசுகிறேன்! ஒரு நிமிசத்தில் உமது பஸ் என்ன கப்பலா ஏறிவிடப் போகிறது?

சார், காட்டிக்கொடுத்தவன் யாரென்று உங்கள் காதில் எங்கேயாவது விழுந்தால் அவனிடம் சொல்லுங்கள். பாரை எனக்குத் திருப்பித் தர வேண்டாம். அதை அவனே வைத்துக்கொள்ளட்டும், தின்னட்டும், கொழுக்கட்டும். என் ஆளை எனக்குத் திருப்பித் தரட்டும். எங்கே ஒளிந்துகொண்டிருந்தாலும் சரி, எவ்வளவு பெரிய மனுசனாக இருந்தாலும் சரி, இந்த ஊருக்கு வரட்டும். கோயிலைத் தாண்டி மூன்றாவது வீடு, நீலக் கதவு. அந்தக் கதவைத் தட்டட்டும். இன்னாசி வெளியே வந்து நின்றதும், அவன் முகத்தைப் பார்த்து, "நீ இல்லலே, நான்தான்" என்று தன் வாயாலேயே சொல்லட்டும். வேறு ஒன்றும் வேண்டாம். ஆனால் இன்றைக்கே சொல்லட்டும் சார். காற்று ஏறுவதற்குள் சொல்லட்டும்.